பழைய பம்ப் துப்பாக்கிக்கு விலை சொன்ன கதை

மகனே,

கார் நிக்கோபாரிலிருந்து நீ போட்ட கடிதம் கப்பல் வந்த அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, சந்தோஷம். அரசாங்க உத்தியோகம் பார்க்கிற வளர்ந்த பிள்ளை, அப்பாவிடம் ஒரு விஷயத்தை மதித்துக் கேட்டு எழுதுவது எத்தனை வீட்டில் நடக்கிறது? உன் அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினேன். கடைசியில் அவள், "போதும், அவன் துப்பாக்கியப் பத்தித்தான் கேட்டிருக்கான், உங்களப் பத்தியில்ல" என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் பேனா பிடிக்கிற நிதானம் வந்தது.

நீ எழுதியிருப்பது இவ்வளவுதான். ஓய்வு பெற்று மெயின்லேண்டுக்குப் போகிற ஒருவர் தன்னுடைய பழைய பம்ப் துப்பாக்கியை விற்கிறார். அமெரிக்காவில் செய்தது. முன்கட்டையை இழுத்துத் தள்ளினால் சுட்ட தோட்டா வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறுகிறது. இருபது வருஷமாகச் சுடுகிறாராம், ஒரு குறையும் இல்லையாம். லைசென்சுக்கு நீ மனுப் போட்டுவிட்டாய். என்ன விலை கொடுக்கலாம் அப்பா? இதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம். ஒரு வரியில் எழுதினால் நான் உன் அப்பா இல்லை.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரில் பழைய ஆட்களுக்கு நான் இன்னமும் 'பந்தூக்வாலா மதராசி', துப்பாக்கிக்கார மதராசிதான். அந்தப் பட்டம் வந்த விதம் வேடிக்கை. எட்டாம் வகுப்பு முடித்த கையோடு மதராஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெட்டிகளில் வைக்கோல் அடைப்பதும், முதலாளிக்கு வெற்றிலை வாங்கி வருவதும்தான் வேலை. ஒரு தோட்டா சுட்டதில்லை. ஆனால் கைதான் வைக்கோலில் இருந்தது, காது சும்மா இருக்குமா? பழைய துப்பாக்கி விற்க வருகிறவர்களிடம் முதலாளி பேசுகிற பேச்செல்லாம் எனக்கு மனப்பாடம். பிறகு போர்ட் பிளேரின் சாத்தம் தீவில் ஒரு மரக் கான்டிராக்டரிடம் கட்டைக் கணக்கு எழுத வந்தபோது, யாரோ வைத்திருந்த துப்பாக்கியைப் பார்த்து அந்தப் பேச்சில் கொஞ்சம் எடுத்துவிட்டேன். ஊர் சின்னது. ஒரு வாரத்தில் நிபுணனாகிவிட்டேன். மறுக்கவும் மனசு வரவில்லை. கட்டை எண்ணுகிறவனை யார் 'பாபு' என்று கூப்பிடுகிறார்கள்?

பாம்பூஃப்ளாட் அந்தோணி அண்ணனை நீ அவருக்கு வயதான பிறகுதான் பார்த்திருக்கிறாய். நான் சொல்லும் காலத்தில் அவர் தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துக் காளை. சாத்தத்துக்கும் எதிர்க்கரைப் பாம்பூஃப்ளாட்டுக்கும் ஓடுகிற லாஞ்சில் சுக்கான் பிடிக்கிற ஸ்ராங்கு, மற்ற நேரத்தில் வலை. ஜப்பான் சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, மறுபடி மூட்டை கட்டிய சமயத்தில், ஒரு துரையின் சமையல்காரர் மூலமாக அவருக்கு ஒரு பம்ப் துப்பாக்கி கிடைத்தது. லைசென்சும் வாங்கி, கிறிஸ்துமசுக்கு மான் சுடுவார். எங்களுக்கும் ஒரு தொடை வரும். நீ பிறப்பதற்குச் சற்று முன்னால் அவருக்குச் சொந்தமாகப் படகு கட்டுகிற யோசனை வந்தது. துப்பாக்கியை விற்றுவிடலாம் என்று என்னிடம் கொண்டுவந்தார்.

"ஏ தம்பி, நீ மதராஸ் கடையில இருந்தவன்லா? நீ சொல்லுததுதான் வெல. நான் மறுபேச்சு பேச மாட்டேன்" என்றார்.

துப்பாக்கியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். உடம்பெல்லாம் மினுமினுவென்று ஒரே கருப்பு. இந்த உப்புக் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே இரண்டு மழையில் செத்துப்போகிறது. பத்து ஆள் கைமாறிய துப்பாக்கியில் துருவின் ஒரு புள்ளிகூட இல்லை. முதலாளியின் குரலை வரவழைத்துக்கொண்டு, "அண்ணே, இது கம்பெனியில போட்ட ஒரிஜினல் கருப்பு. இதுக்கே தனி வெல" என்றேன். அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான் குழலுக்குள்ளும் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் உறைந்து அரக்கு மாதிரி ஒட்டியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் தலையாட்டுவது நிபுணர் வழக்கம் என்பதால் நன்றாகவே ஆட்டினேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். துப்பாக்கியைத் தொட்டதும் முதல் காரியம், உள்ளே தோட்டா இல்லை என்று நீயே விரல் விட்டுப் பார்ப்பது. விற்பவர் சத்தியம் செய்தாலும் பார். பிறகு திருகாணித் தலைகளைப் பார். அவை சிதைந்திருந்தால் என்னைப் போன்ற நிபுணர்கள் நிறையப் பேர் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய பம்ப் துப்பாக்கிகள் பலவற்றில் குழலைத் திருகி உடம்பிலிருந்து தனியே எடுக்கலாம். எடுத்தால் இரண்டு பாதியிலும் எண் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பார். வேறு வேறாக இருந்தால் அது ஒரு துப்பாக்கி இல்லை, இரண்டு துப்பாக்கியின் கல்யாணம். முன்கட்டை கொஞ்சம் ஆடினால் பயப்படாதே, புதிதிலேயே ஆடும். குழல் உடம்போடு சேரும் இடம் ஆடக்கூடாது. குழலுக்குள் மண்ணெண்ணெய்த் துணி விட்டுத் துடைத்து, வானத்தைப் பார்த்துப் பிடி. அம்மைத் தழும்பு மாதிரி இருந்தால் பழைய துரு. நிழல் வளையம் மாதிரி ஒன்று தெரிந்தால், அங்கே குழல் எப்போதோ வீங்கியிருக்கிறது அல்லது அடிபட்டிருக்கிறது. அந்தக் காலத்துக் குழலில் தோட்டா உட்காரும் அறை சிலவற்றில் குட்டை. இன்றைக்கு விற்கிற தோட்டா அதற்கு நீளம். ஏறுகிறதே என்று சுட்டுவிடக்கூடாது, தெரிந்தவரிடம் அளக்கச் சொல். பின்னால் தோட்டாவை அடிக்கிற சுத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ரகமாக இருந்தால், முன்கட்டையை இழுக்கும்போது அது பாய்ந்து பின்னுக்கு வரும். கட்டைவிரல் இடுக்கைப் பத்திரமாக வைத்துக்கொள். என் வலது கையில் இருக்கும் தழும்பு கத்தி பட்டது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். கத்தியில்லை.

மேற்பூச்சைக் கடைசியில் பார். நான் முதலில் பார்த்தேன்.

வாங்க வந்தவர் ஹரிபதோ தாதா. வங்காளிகளுக்குத் தாதா என்றால் அண்ணன். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து, வடக்கே ரங்கத் பக்கம் நிலம் கொடுக்கப்பட்ட குடியேறி. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, நெல் போட்டால், வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான் மந்தை மந்தையாக வந்து தின்றுவிட்டுப் போகிறது. புலியில்லாத தீவு, மானுக்கு என்ன பயம்? முந்தின வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவர் அறுத்தது வெறும் வைக்கோல். இந்த வருஷமும் போனால் நிலத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டார், அக்கம்பக்கத்தாரிடம் சேர்த்துப் பணமும் கொண்டுவந்தார். கதிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலைக் கப்பலில் துப்பாக்கியோடு அவர் திரும்பியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்தோணி அண்ணன் சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு மின்னி பே பகுதியிலிருந்த நம் வீட்டுக்கு வந்தார். உன் அம்மா வைத்த சூரைமீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "செத்த கண்ண மூடுதேன் தம்பி, நீ போய் அந்தப் பெங்காலியக் கூட்டிட்டு வா" என்று பாயில் சாய்ந்தார். நான் ஹரிபதோ தாதாவை அழைத்துவரப் போனேன். வழியெல்லாம் அவரிடம் ஒரிஜினல் கருப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவர் பாவம், எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "பாபு, சலேகா தோ?" சுடுமா என்று.

வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏதோ வெள்ளிக் குழாய் மாதிரி வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சாம்பல், தேங்காய் நார், புளிச் சக்கை. நீ அப்போது உன் அம்மா வயிற்றில் இருந்தாய். அந்த மாதங்களில் அவளுக்கு எதைக் கண்டாலும் தேய்க்கத் தோன்றும். என் டிபன் கேரியரில் முகம் பார்த்து நான் சவரம் செய்துகொண்டிருந்த காலம் அது.

"என்ன காரியம் பண்ணிட்ட?" என்று கத்தினேன்.

"என்ன பண்ணிட்டேன்? விக்கிற சாமான இப்படி அழுக்காவா காட்டுவாக? வந்தவுக நம்ம வீட்டத்தான கொற சொல்லுவாக."

"அது அழுக்கில்லடி, ஒரிஜினல் கருப்பு!"

"ஒரிஜினலா? சலவச் சோடாத் தண்ணி பட்டதும் தோல் மாதிரி உரிஞ்சு வந்துட்டு. கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டு. வாளியில மெதக்குது, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். மிதந்தது. துறையில் படகுகளின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற அதே கருப்பு. என்னுடைய நிபுணத்துவம் முழுவதும் அந்த வாளியில் சுருண்டு கிடந்தது. ஹரிபதோ தாதா வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்போது உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்: "அத விடுங்க. இங்க வந்து பாருங்க. தங்கம்."

குழலைச் சுற்றி, முன்கட்டைக்குச் சற்று முன்னால், மஞ்சளாக ஒரு வளையம் ஜொலித்தது. எனக்கு வாளி மறந்துபோயிற்று. பிரபுக்களுக்குச் செய்கிற துப்பாக்கிகளில் தங்கம் இழைப்பார்கள் என்று முதலாளி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பான்காரன் கண்ணில் படக்கூடாது என்று துரை பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறான்! கதை தானாகவே கட்டிக்கொண்டது. அண்ணனை எழுப்பினேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடிவந்து பார்த்து, "ஏசுவே, தங்கத்த வச்சிக்கிட்டா நான் மான் சுட்டேன்?" என்றார். படகு அப்போதே தண்ணீரில் இறங்கிவிட்டது அவருக்கு. ஹரிபதோ தாதாவுக்கு விஷயத்தை இந்தியில் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தங்கத் துப்பாக்கி வாங்க அவரிடம் என்ன இருக்கிறது? "முஜே தோ தான் பசானா ஹை, பாபு" என்றார். எனக்கு நெல்லைக் காப்பாற்றினால் போதும்.

நான் அந்த வளையத்தை விடவில்லை. பேராசையென்று சொல்ல மாட்டேன், பார்க்கிற ஆசை. நகத்தால் அதன் மேலேயே சுற்றிக்கொண்டு போனேன். மேல்பக்கம் நூல் மாதிரி மெல்லிசு. அடிப்பக்கம் வரவர நெளிந்தது, கண் மறைவான இடத்தில் கட்டியாகத் திரண்டு நின்றது. அழகுக்குத் தங்கம் இழைக்கிறவன் மேல்பக்கத்தை அல்லவா தடிமனாகச் செய்வான்? கை நடுங்கியவனா இதைச் செய்தான்? மண்ணெண்ணெய்த் துணியைக் குழலுக்குள் விட்டு எண்ணெய் அரக்கைச் சுரண்டி எடுத்து, வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். வெளியே மஞ்சள் வளையம் இருக்கிற அதே இடத்தில், உள்ளே கருப்பாக ஒரு மயிரிழை வட்டம்.

தங்கம் இல்லை. பித்தளை. குழல் எப்போதோ விண்டிருக்கிறது. யாரோ பித்தளை உருக்கிப் பற்றவைத்து, அது தெரியாமல் இருக்கப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். யார், எந்தக் காலத்தில், என்ன அவசரத்தில் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பித்தளைப் பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி உன் அம்மா புளி போட்டதால் பித்தளை தன் நிறத்தைக் காட்டிவிட்டது. அவள் செய்தது தப்புத்தான். எந்தத் துப்பாக்கியையும் புளி போட்டுத் தேய்க்காதே. நல்ல துப்பாக்கியானால் விலை பாதியாகிவிடும்.

மெதுவாகச் சொன்னேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அன்னைக்கு ஒரிஜினல் கருப்புன்ன. பொறவு தங்கம்ன. இப்ப பித்தளங்க. உன் வாய்க்கு இன்னும் எத்தன நெறம்ல இருக்கு?"

நியாயமான கேள்வி.

"இத்தன வருசமாச் சுடுதேன். ஒரு கிறிஸ்துமசு விட்டிருக்கேனா? என்ன ஆச்சு? ஒண்ணும் ஆவல. தாங்குச்சா இல்லியா?"

மகனே, அவர் கேட்டதற்குப் பதில் என் முதலாளியின் பேச்சு எதிலும் இல்லை. இத்தனை நாள் தாங்கிய பொருள், தாங்கியதால் பலமானது என்று காட்டுகிறதா? அல்லது தாங்க வேண்டியதையெல்லாம் தாங்கி முடித்துவிட்டு நிற்கிறதா? பாலம், படகு, மனுஷ உடம்பு எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வி எனக்கு அன்று முதல் வருகிறது. சரியான பதில் இன்னும் கிடைக்கவில்லை.

நாங்கள் தமிழில் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஹரிபதோ தாதாவுக்கு விஷயம் அரைகுறையாகப் புரிந்திருக்க வேண்டும். அந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தார். கதவோரம் நின்ற உன் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். "பாபு, ஆப்கா பேட்டா ஹோகா தோ, உஸ்கே ஹாத் மே தேங்கே?" பிறக்கப் போவது மகனானால், அவன் கையில் இதைக் கொடுப்பீர்களா? அவருக்கு வயசுப் பையன் இருந்தான். இராத்திரிக் காவலுக்கு வயலில் இருக்கப் போகிறவன் அவன்தான் என்று அப்போதுதான் சொன்னார்.

நான் இல்லையென்று தலையாட்டுவதற்குள் அண்ணன் துப்பாக்கியை வெடுக்கென்று பிடுங்கினார். "அவன் கையில என்ன? ஏங் கையில சுட்டுக் காட்டுதேன், பாக்கட்டும்." தோட்டாவைப் போட்டார். உன் அம்மா, "அண்ணே வேண்டாம்ணே" என்றாள். கடலைப் பார்த்துப் பின்கட்டையைத் தோளில் வைத்தார். வலது கை குதிரையில். இடது கை முன்கட்டையைப் பிடிக்கப் போனது. மஞ்சள் வளையத்துக்குப் பக்கத்தில் போனது. நின்றது. மறுபடி போனது. லாஞ்சுச் சுக்கான் பிடிக்கிற கை, வலை இழுக்கிற கை. அது அந்தக் கட்டையைத் தொடமாட்டேன் என்றது. அவர் துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, கல்லின் மேல் உட்கார்ந்து தன் இடது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைய இத்தன வருசமா அதுமேலதான வச்சிருந்தேன்" என்றார்.

அதன் பிறகு விலைப் பேச்சு இல்லை. ஹரிபதோ தாதாவும் எழுந்து போகவில்லை. எங்கே போவார்? நெல் அங்கே பால் பிடித்துக்கொண்டிருக்கிறது, கையில் துப்பாக்கி இல்லை. உன் அம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். அண்ணன் பாதி டீயில் தலையைத் தூக்கி, "ஏ தம்பி, அந்த ஆள்ட்ட கேளு, வயல் எம்புட்டு நீளம்னு" என்றார். கேட்டுச் சொன்னேன். மனசுக்குள் ஏதோ அளந்தார். "மான் தாண்டும். ஆனா காலுல என்ன சிக்கும்னு தெரியாத எடத்துல தாண்டாது. எங்கிட்ட பழைய வலை கெடக்கு."

மறுநாள் கப்பலில் ஹரிபதோ தாதா துப்பாக்கிக்குப் பதிலாக மீன்வலை மூட்டைகளோடு ஏறினார். கூடவே லீவு போட்டுவிட்டு அண்ணனும் ஏறினார், "பெங்காலிக்கு முடிச்சுப் போடத் தெரியாது" என்று. மூங்கில் நட்டு, வயலைச் சுற்றி வலையைத் தொங்கவிட்டு, கிளிஞ்சலும் தகரமும் கோத்துவிட்டு வந்தார். மான் வந்ததாம், நின்று பார்த்ததாம், பக்கத்து வயலுக்குப் போனதாம். பக்கத்து வயல்காரர் பாடு வேறு கதை. ஹரிபதோ தாதா அந்த வருஷம் நெல் அறுத்தார். நிலத்தில் நின்றார்.

துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்பாய். உடம்புப் பகுதி நல்ல நிலையில்தான் இருந்தது. என் பழைய முதலாளிக்கு எழுதி, மதராஸிலிருந்து வேறு குழல் வரவழைத்துப் போலீசில் முறைப்படி காட்டிப் பொருத்தினோம். அடுத்த வருஷம் ஹரிபதோ தாதாவே அதை வாங்கினார். குழல் போக மீதிக்கு என்ன மதிப்போ அதுதான் நான் சொன்ன விலை, மறுபேச்சில்லாமல் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணனுக்குப் படகும் ஆயிற்று. ஆனால் துப்பாக்கியை வாங்கிய மனுஷர் வலையை மட்டும் கடைசிவரை திருப்பித் தரவில்லை. அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்கும்போதெல்லாம் ஒரு மூட்டை அரிசி வரும், வலை வராது.

இப்போது உன் விஷயம். அன்றைக்கு ஹரிபதோ தாதா உன்னை வைத்துத்தான் என்னைக் கேட்டார். இத்தனை வருஷம் கழித்து நீயே அதைக் கேட்டு எழுதியிருக்கிறாய். ஆகவே என்னால் விலை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இருபது வருஷமாகச் சுடுகிறார், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அது அவருடைய நல்ல காலத்துக்குச் சாட்சி. துப்பாக்கிக்குச் சாட்சி வேறு வேண்டும். உனக்கு அது எதற்கு என்பதையும் நீ எழுதவில்லை. நீ இருக்கிற தீவில் வயலைத் தின்ன மான் இல்லை. அங்கே திரிகிற பன்றிகளுக்கெல்லாம் ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஒன்றைத் தொட்டால் ஊரே உன் வாசலில் நிற்கும். பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் ஆசை என்றால் தாராளமாகச் சொல். அதுவும் ஒரு காரணம்தான். அந்த முன்கட்டை போய்வருகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது, சுடத் தெரியாத எனக்கே.

எனவே இப்படிச் செய். திருகாணித் தலைகள், இரண்டு பாதியின் எண்கள், வானத்தைப் பார்த்துப் பிடித்தால் குழலுக்குள் தெரிவது, இந்த மூன்றையும் பார்த்து எழுது. அதற்குப் பிறகு, விற்கிறவரைத் துப்பாக்கியைத் தோளில் ஏந்தச் சொல். சுட வேண்டாம். அவருடைய இடது கை எந்த யோசனையும் இல்லாமல் முன்கட்டைக்குப் போகிறதா என்று மட்டும் பார். அதையும் எழுது. விலையை நான் சொல்கிறேன். அடுத்த கப்பல் வரும்வரை பணம் இருக்கிற கையையும் துப்பாக்கி பிடிக்கிற கையையும் பைக்குள்ளேயே வைத்திரு.

உன் அப்பா